கதவடைப்பும் களையெடுப்பும்: வாசகர் கேள்வி – பதில்

அயல் நாடுகளிலிருந்து வந்து பரவும் செடிகளையும் பூச்சிகளையும் விலங்குகளையும் தடுக்க அரசுகள் நடத்தும் திட்டங்கள் எப்படிச் செயல்படுகின்றன என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைத் தொட்டவற்றைச் சேர்த்துச் சுருக்கி, பதில்களுடன் இங்கே தருகிறோம்.

கேள்வி: தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாமே ஒரு காலத்தில் கடல் கடந்து வந்தவைதாம். அப்படியிருக்க, அயல் இனங்களை ஒழிப்பதாக அரசுகள் சொல்வது முரண்பாடாக இல்லையா?

பதில்: எந்த அரசுத் திட்டமும் அயலிலிருந்து வந்த அனைத்தையும் எதிர்ப்பதில்லை. தங்கள் பட்டியலில் உள்ள பயிர்கள் மனிதர் பேணும் வரை நன்றாக வாழ்கின்றன. பேணுவதை நிறுத்தினால் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. அவற்றைப் பற்றி எந்த அலுவலரும் கவலைப்படுவதில்லை. மனிதரால் ஓர் இடத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அதன்பின் மனிதர் துணையின்றித் தானே பெருகி, அங்குள்ள காட்டையோ நீர்நிலையையோ பயிரையோ மக்களின் உடல்நலத்தையோ கெடுக்கும் இனத்தைத்தான் அயல் ஆக்கிரமிப்பு இனம் என்கிறோம்.

உயிரினப் பன்மை குறித்து அரசுகளுக்கு அறிவியல் ஆலோசனை கூறும் ஐபிபிஇஎஸ் என்ற பன்னாட்டு அமைப்பு 2023ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதரால் இடம்பெயர்ந்து உலகின் பல பகுதிகளில் நிலைபெற்ற அயல் இனங்கள் 37,000க்கும் மேல். அவற்றுள் தீங்கு விளைவிப்பவை 3,500க்கும் மேல். அதாவது பத்தில் ஒன்றுதான் தொல்லை தருகிறது. ஆனால் அந்த ஒன்றின் கணக்கு பெரிது. 2019இல் மட்டும் இவற்றால் உலகுக்கு ஏற்பட்ட இழப்பு 42,300 கோடி டாலருக்கு மேல் என்றும், பதிவான இன அழிவுகளில் 60 விழுக்காட்டில் இவற்றுக்குப் பங்குண்டு என்றும் அதே மதிப்பீடு கூறுகிறது. பத்தில் எது அந்த ஒன்று என்பது உள்ளே நுழையும்போது நெற்றியில் எழுதியிருப்பதில்லை; தடுப்புத் திட்டங்களின் சிக்கல் முழுவதும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி: நெற்றியில் எழுதியிருக்கவில்லை என்றால், எதை உள்ளே விடுவது, எதை நிறுத்துவது என்று எல்லையில் இருக்கும் அலுவலர்கள் எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்?

பதில்: இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. தீயவை என்று தெரிந்தவற்றைப் பட்டியலிட்டு அவற்றை மட்டும் தடுப்பது ஒன்று. ஆய்ந்து அனுமதித்தவற்றை மட்டும் பட்டியலிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் கதவடைப்பது இன்னொன்று. முதல் வழி வணிகத்துக்கு எளிது. ஆனால் ஓர் இனம் எங்கேனும் பெருஞ்சேதம் செய்த பிறகே அது பட்டியலில் ஏறும். ஐரோப்பிய ஒன்றியம் 2014ஆம் ஆண்டின் 1143ஆம் எண் ஒழுங்குமுறையின் கீழ் 2016இல் வெளியிட்ட 37 இனங்களின் முதல் பட்டியல் இந்த வகையைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இரண்டாவது வழியைப் பின்பற்றுகின்றன.

ஆஸ்திரேலியாவுக்குள் ஒரு புதிய செடியைக் கொண்டுவர விரும்புவோரின் விண்ணப்பம் எப்படிப் பரிசீலிக்கப்படுகிறது என்பது பார்க்கத்தக்கது. 1997 முதல் அங்கு நடைமுறையில் உள்ள களை இடர் மதிப்பீட்டில் 49 கேள்விகள் இருக்கின்றன. இச்செடி வேறு எந்த நாட்டிலாவது களையாக மாறியிருக்கிறதா, அதன் தாயகத்துத் தட்பவெப்பம் இந்நாட்டுடன் ஒத்துப்போகிறதா, விதையைப் பறவைகள் பரப்புமா, வெட்டினால் மறுபடி துளிர்க்குமா, கால்நடைக்கு நஞ்சா என்று போகும் அந்தக் கேள்விகளுக்குரிய விடைகள் மதிப்பெண்களாகக் கூட்டப்படுகின்றன. கூட்டுத்தொகை 6ஐத் தாண்டினால் அனுமதி மறுக்கப்படும். 1க்குக் கீழே இருந்தால் அனுமதி கிடைக்கும். இடைப்பட்டவை மேலாய்வுக்குச் செல்லும். இவற்றுள் மிகவும் பயனுள்ளது முதலில் சொன்ன கேள்விதான் என்பது என் கருத்து. வேறோர் இடத்தில் தொல்லை கொடுத்த செடி, அதே தட்பவெப்பம் உள்ள இன்னோர் இடத்தில் சாதுவாக இருப்பது அரிது.

வேண்டுமென்றே கொண்டுவருபவற்றுக்கு விண்ணப்பம் உண்டு. சரக்கோடு ஒட்டிக்கொண்டு வருபவை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. எனவே அங்கே அரசுகள் இனத்தைத் தேடுவதை விட்டு வழியை அடைக்கின்றன. இயந்திரங்களை அடைத்து அனுப்பும் மரப்பெட்டிகளின் பலகைக்குள் துளைப்பான் வண்டுகளின் புழுக்கள் பயணம் செய்வதால், அந்த மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து 30 நிமிடம் ஏற வேண்டும் என்பது, மரத்தைச் சூடேற்றித் தூய்மை செய்வதற்குப் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட பன்னாட்டு விதி. அப்படிச் செய்த பலகையில் கோதுமைக் கதிர் வடிவ முத்திரை சுடப்பட்டிருக்கும். அடுத்த முறை ஏதேனும் ஒரு கிடங்கின் ஓரத்தில் கிடக்கும் மரத்தட்டைத் திருப்பிப் பார்த்தால் தாங்களே காணலாம். கப்பல் சாயாமல் இருக்க அதன் தொட்டிகளில் ஒரு துறைமுகத்தில் ஏற்றி மறு துறைமுகத்தில் கொட்டும் நீரில் கடல் உயிர்களின் முட்டைகளும் புழுக்களும் வருகின்றன. இதற்கான பன்னாட்டு உடன்படிக்கை 2004இல் உருவாகி, நடைமுறைக்கு வர 2017 செப்டம்பர் வரை ஆயிற்று. வெளியேற்றும் நீரில், 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள உயிருள்ளவை ஒரு கனமீட்டருக்குப் பத்துக்கும் குறைவாகவே இருக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. விதி எழுதிய நாளுக்கும் அது உயிர்பெற்ற நாளுக்கும் இடையே கழிந்த பதின்மூன்று ஆண்டுகளிலும் கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது நுழைந்துவிட்டால்?

பதில்: நுழையத்தான் செய்யும். எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்க்க எந்த நாட்டிலும் ஆள் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு நல்ல திட்டத்திலும் விரைந்து கண்டறிதல், விரைந்து வினையாற்றுதல் என்ற இரண்டாம் அரண் இருக்கிறது. கடற்பாசி ஒன்றின் கதையைச் சொன்னால் இதன் பொருள் விளங்கும்.

காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா என்ற பச்சைக் கடற்பாசி, மீன்தொட்டிகளை அழகுபடுத்தப் பயன்பட்டது. 1984இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்கு எதிரே கடலடியில் சுமார் ஒரு சதுர மீட்டர் பரப்பில் அது காணப்பட்டது. அது எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பு, உண்மையிலேயே தீங்கானதா என்ற விவாதங்கள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 1989இல் ஒரு ஹெக்டேரை எட்டிய அந்தப் பாசி, அதன்பின் பிரான்சு, இத்தாலி என்று மத்தியதரைக் கடலின் கரைகளில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது. பிற்காலத்தில் பல இடங்களில் அது தானாகவே சுருங்கியது என்பது உண்மை. ஆனால் அதை யாரும் முன்கூட்டி அறிந்திருக்கவில்லை, அதற்காக யாரும் காத்திருக்கவும் இல்லை.

அதே பாசி 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் ஒரு கடற்கழியில், கடற்புல் ஆய்வுக்காக மூழ்கியவர்களின் கண்ணில் பட்டது. மாநில, நடுவண் துறைகள் ஒரே குழுவாகச் சேர்ந்து சில வாரங்களுக்குள் வேலையைத் தொடங்கிவிட்டன. மூழ்குவோர் ஒவ்வொரு பாசித் திட்டின் மீதும் கறுப்புத் தார்ப்பாயை விரித்து, அதன் ஓரங்களைச் சேற்றில் பதித்து, பாயின் அடியில் குளோரினைச் செலுத்தினார்கள். ஒரு துணுக்கு பிய்ந்து மிதந்தாலும் அது வேறோரிடத்தில் வேர்பிடிக்கும் என்பதால், வெட்டவோ பிடுங்கவோ யாருக்கும் அனுமதி இல்லை. பாசி கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் தேடல் தொடர்ந்தது. 2006இல்தான் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். செலவு 70 லட்சம் டாலருக்கு மேல்.

இரண்டு இடங்களிலும் பாசி ஒன்றுதான். அதைப் பற்றிய அறிவும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாவது இடத்தில் முதலாவதன் பாடம் கையில் இருந்ததும், யார் முடிவெடுப்பது என்பது விரைவில் தீர்ந்ததும்தான் வேறுபாடு. 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் கருவரி மட்டி படகுத்துறைகளில் கண்டுபிடிக்கப்பட்டபோது இன்னும் கடுமையாக நடந்துகொண்டார்கள். அங்கே படகுத்துறைகள் கதவு வைத்த தடுப்புக்குள் இருந்தன. கதவுகளை மூடி, நீரில் குளோரினும் தாமிர சல்பேட்டும் கலந்து, உள்ளே இருந்த மட்டியை மட்டுமன்றிக் கடல் உயிர்கள் அனைத்தையும் கொன்று, அதற்குள் வெளியேறிவிட்டிருந்த நூற்றுக்கணக்கான படகுகளைத் தேடிப் பிடித்துச் சோதித்து, சில வாரங்களில் முடித்தார்கள். அந்தத் துறைகளின் நீர் பின்னர் உயிர்பெற்றது. மட்டி திரும்பவில்லை.

கேள்வி: இப்படிப்பட்ட புதியவற்றை முதலில் கண்டுபிடிப்பவர்கள் யார்? பொதுமக்களால் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: பல நேரங்களில் துறை சாராதவர்களே முதலில் பார்க்கிறார்கள். தோட்டக்காரர், மீனவர், நாயுடன் நடக்கச் செல்பவர் என்று யாராகவும் இருக்கலாம். தொல்லையைக் கொண்டுவருபவர்களும் அவர்களே என்பது இதன் மறுபக்கம். 1966இல் ஹவாயிலிருந்து மயாமிக்குத் திரும்பிய ஒரு சிறுவன் மூன்று ஆப்பிரிக்கப் பெருநத்தைகளைக் கொண்டுவந்தான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழே ஆண்டுகளில் அவை 18,000க்கும் மேலாகப் பெருகின. ஃபுளோரிடா மாநில வேளாண் துறை அவற்றை 1975இல் ஒழித்தது. 2011இல் அதே நத்தை மறுபடி தோன்ற, மோப்ப நாய்களைக் கொண்டு வீடுவீடாகத் தேடி 2021இல் இரண்டாம் முறையாக ஒழித்தார்கள். அடுத்த ஆண்டே மாநிலத்தின் வேறொரு பகுதியில் அது மீண்டும் தலைகாட்டியது.

அறிமுகமில்லாத ஒன்றைக் கண்டால் படம் எடுங்கள். அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தையோ பேனாவையோ வையுங்கள். இடத்தைக் குறித்து வேளாண் துறைக்கோ வனத்துறைக்கோ தெரிவியுங்கள். அதைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போவதுதான் செய்யக்கூடாதது. போகும் வழியெல்லாம் விதை உதிரும். வளர்க்க முடியாத தொட்டி மீனையும் நீர்ச்செடியையும் குளத்தில் விடுவதும் அப்படியே. அதைச் செய்பவர் பெரும்பாலும் கருணையால்தான் செய்கிறார்.

கேள்வி: பரவிவிட்ட ஒரு மரத்தையோ செடியையோ இயந்திரங்களை இறக்கி ஒரே மூச்சில் பிடுங்கி எறிந்துவிட்டால் என்ன? ஏன் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கிக்கொண்டே இருக்கிறார்கள்?

பதில்: பரப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் அரசு மேற்கொண்ட களை ஒழிப்பு முயற்சிகளின் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு ஹெக்டேருக்கும் குறைவாகப் பரவியவற்றைப் பெரும்பாலும் முற்றாக ஒழிக்க முடிந்திருக்கிறது. ஒன்றிலிருந்து நூறு ஹெக்டேர் வரையானவற்றில் மூன்றில் ஒரு பங்குதான் ஒழிந்தது. ஆயிரம் ஹெக்டேர் வரையானவற்றில் நான்கில் ஒரு பங்கு. ஆயிரத்தைத் தாண்டிவிட்டால், ஒழிப்பு என்ற சொல்லைத் திட்ட அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டுக் கட்டுப்பாடு என்று எழுதுவதே நேர்மை.

காரணம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. வாட்டில் என்ற ஆஸ்திரேலிய வேல மரங்களின் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும். தீ பட்டால் விழித்துக்கொள்ளும். மேலே நிற்கும் மரத்தை வெட்டிச் சாய்ப்பது அந்த விதைகளுக்கு வெயிலைத் திறந்துவிடுவதாகவே முடியும். இயந்திரம் மண்ணைக் கிளறிப்போட்ட இடத்தில் நாட்டுச் செடி முளைப்பதற்கு முன்பே அயல் செடி ஆயிரமாய் முளைத்து நிற்பதைக் களத்தில் வேலை செய்த எவரும் பார்த்திருப்பார்கள். ஆகவே முதல் வெட்டு, அடுத்தடுத்த ஆண்டுகளில் முளைத்தெழும் கன்றுகளை நீக்கும் தொடர் வேலை, பிறகு நாட்டு இனங்களை நட்டு நிழல் மூடச் செய்யும் மீட்பு வேலை என்று மூன்று கட்டங்களும் சேர்ந்ததே ஒரு களையெடுப்பு.

தென்னாப்பிரிக்கா 1995இல் தொடங்கிய 'தண்ணீருக்காக உழைத்தல்' என்ற திட்டம் இதற்குத் தக்க சான்று. நீர்ப்பிடிப்பு மலைகளில் பரவிய வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரங்கள் அங்குள்ள குறும்புதர்களைவிட மிகுதியாக நீரை உறிஞ்சி ஓடைகளை வற்றச் செய்ததால், அன்றைய நீர்வளத்துறை அமைச்சர் காதர் அஸ்மல் காலத்தில், வேலையில்லாத ஏழை மக்களுக்குக் கூலி கொடுத்து அவற்றை வெட்டும் திட்டம் உருவாயிற்று. சூழல் வேலையையும் வறுமை ஒழிப்பையும் ஒரே நிதியில் இணைத்ததால் அதற்கு அரசியல் ஆதரவு நீடித்தது. இப்படி நீண்ட காலம் ஓடிய திட்டங்கள் உலகில் சிலவே. ஆனால் அந்த இணைப்பிலேயே ஒரு குறையும் ஒளிந்திருந்தது. எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை என்பது அளவுகோலாகும்போது, எந்த மலையில் தொடர் வேலை தவறியது என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. பெருந்தொகை செலவான பிறகும் பல பகுதிகளில் ஆக்கிரமிப்பின் பரப்பு கூடியே இருந்தது என்று அந்நாட்டு ஆய்வாளர்களே எழுதினார்கள். திட்டம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். எட்டிய இடத்தில் பலன் தந்தது, எட்டாத இடம் மிகப் பெரியதாக இருந்தது.

கேள்வி: ஒரு வாலுக்கு இவ்வளவு என்று மக்களுக்குப் பரிசு அறிவித்தால், அரசுக்குச் செலவும் குறையும், தொல்லை விலங்கும் ஒழியுமே?

பதில்: கேட்பதற்கு எளிமையாக இருப்பதால்தான் இந்த யோசனை மறுபடி மறுபடி வருகிறது. தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால், விலங்கு மிகுதியாக இருக்கும் வரை பிடிப்பவர் ஆர்வமாக வருவார். எண்ணிக்கை குறைந்து, ஒன்றைப் பிடிக்க ஒரு வாரம் அலைய வேண்டிய நிலை வந்ததும் விலகிவிடுவார். எஞ்சியவை மீண்டும் பெருகும். வருவாய் நின்றுவிடக் கூடாதே என்று சிலவற்றைத் தப்ப விடுபவரும் உண்டு.

இங்கிலாந்து இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தது. தோலுக்காக 1929இல் கொண்டுவரப்பட்டுப் பண்ணைகளிலிருந்து தப்பிய கோய்ப்பு என்ற பெரிய நீர்வாழ் கொறிவிலங்கு, கிழக்கு ஆங்கிலியாவின் ஆற்றங்கரைகளையும் வயல்களையும் குடைந்து நாசமாக்கியது. 1960களில் நடந்த முதல் முயற்சி எண்ணிக்கையைக் குறைத்ததோடு நின்றது. 1981இல் தொடங்கிய இரண்டாவது முயற்சியில் 24 பொறிவைப்பாளர்களை மாதச் சம்பளத்துக்கு அமர்த்திப் பத்தாண்டுக் கெடு விதித்தார்கள். கெடுவுக்குள் விலங்கு முற்றாக ஒழிந்தால், எவ்வளவு விரைவில் ஒழிந்தது என்பதைப் பொறுத்து, மூன்று ஆண்டுச் சம்பளம் வரை ஊக்கத்தொகை. பிடித்த எண்ணிக்கைக்குக் காசு இல்லை. ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதற்கே காசு. 1989இல் கோய்ப்பு ஒழிந்தது.

விலங்குகளைக் கொல்வது குறித்த வருத்தத்தையும் இருவர் எழுதியிருக்கிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது; அதனாலேயே அரைகுறையாகச் செய்வது மிகக் கொடியது என்பேன். பாதியில் விடப்படும் திட்டம் ஆண்டுதோறும் கொன்றுகொண்டே இருக்கும்.

கேள்வி: ஓர் அயல் இனத்தை அடக்க இன்னோர் அயல் இனத்தைக் கொண்டுவருகிறார்களாமே? கரும்புத் தேரையின் கதை தெரிந்த பிறகும் இப்படிச் செய்வது துணிச்சலா, அறியாமையா?

பதில்: கரும்பு வண்டுகளைத் தின்னும் என்று நம்பி 1935இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் விட்ட தேரை, வண்டுகளை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தின்றது, அதைத் தின்ற விலங்குகள் அதன் நஞ்சால் செத்தன. எதை வேண்டுமானாலும் தின்னும் விலங்கை ஏவியதே அங்கு நேர்ந்த தவறு. பிரெஞ்சு பாலினேசியத் தீவுகளில் பெருநத்தைகளை அடக்க 1970களில் விட்ட வேட்டை நத்தை, அத்தீவுகளுக்கே உரிய பார்ட்டுலா என்ற சிறு நத்தை இனங்களைக் காட்டிலிருந்து ஏறத்தாழத் துடைத்தெடுத்தது. இந்த அனுபவங்களுக்குப் பிறகு முறையான திட்டங்களில் பொதுவாக ஒரே ஓர் இனத்தை, அல்லது அதன் நெருங்கிய உறவை மட்டுமே உண்ணும் பூச்சியைத் தேடுகிறார்கள். இலக்குச் செடியின் தாயகத்துக்குப் போய் அங்கே அதைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்து, மூடிய ஆய்வகத்தில், இலக்குக்கு உறவான நாட்டுச் செடிகளையும் முக்கியப் பயிர்களையும் அதன் முன் வைத்துப் பட்டினி போட்டுப் பார்ப்பது சோதனையின் ஒரு பகுதி. அவற்றைத் தின்ன மறுத்துச் செத்தால்தான் அடுத்த கட்டம்.

முறையாகச் செய்யப்பட்டபோது கிடைத்த பலன்கள் வேறு எந்த வழியிலும் கிடைக்காதவை. ஆஸ்திரேலியாவில் சப்பாத்திக்கள்ளி 1920களில் சுமார் 2.4 கோடி ஹெக்டேரை மூடிக் குடியானவர்களை நிலத்தைவிட்டே விரட்டியது. 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவந்த காக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சியின் புழுக்கள் கள்ளியை உள்ளிருந்து குடைந்து தின்றன. 1933க்குள் பெரும்பகுதி அழுகி வீழ்ந்தது. நன்றிக்கடனாக அந்தப் பூச்சியின் பெயரில் ஓர் ஊரில் நினைவு மண்டபமே கட்டினார்கள். ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானோரின் உணவான மரவள்ளியை அழித்துவந்த மாவுப்பூச்சியை, பராகுவேயில் கண்டெடுத்த ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி 1980களில் அடக்கியது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் முதலில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தாவித் தாவி அழித்த பப்பாளி மாவுப்பூச்சிக்கும் 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளே முடிவு கட்டின. மருந்தை மாற்றி மாற்றித் தெளித்துச் சலித்த விவசாயிகள், குளவிகளை விட்ட சில மாதங்களில் தோட்டங்கள் தேறியதைக் கண்டார்கள்.

எனினும் ஒரு நாட்டுக்கு நல்லது இன்னொரு நாட்டுக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதே காக்டோபிளாஸ்டிஸ் பூச்சி 1957இல் கரீபியத் தீவு ஒன்றில் விடப்பட்டு, 1989இல் ஃபுளோரிடாவில் தென்பட்டது. வட அமெரிக்கா கள்ளிகளின் தாயகம். ஆஸ்திரேலியாவில் மண்டபம் கண்ட பூச்சி அங்கே ஒழிக்கப்பட வேண்டிய ஆக்கிரமிப்பு இனம்.

கேள்வி: விறகு, கரி, தீவனம் என்று ஏழைகள் நம்பியிருக்கும் மரத்தையும் ஆக்கிரமிப்பு இனம் என்று சொல்லி அழிக்க அரசுக்கு உரிமை உண்டா?

பதில்: சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2014ஆம் ஆண்டு விதிகள் இனங்களை ஒரே தட்டில் வைக்காமல் வகைப்படுத்தின. உடனே ஒழிக்க வேண்டியவை ஒரு வகை. கட்டுப்படுத்தியே ஆக வேண்டியவை இன்னொரு வகை. பயனுள்ளவையாதலால் உரிமம் பெற்று, குறித்த நிலத்துக்குள் மட்டும் வளர்க்கத்தக்கவை மூன்றாவது. இருப்பவை இருக்கலாம், புதிதாக நடவோ விற்கவோ கூடாது என்பவை நான்காவது. நமக்கு நன்கு பழக்கமான சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு மரங்களையே அந்த விதிகள் மாகாணத்துக்கு ஒரு வகையில் வைத்திருந்தன: வறண்ட வடக்கு கேப் மாகாணத்தில் மென்மையான வகையிலும், வேறு சில மாகாணங்களில் கடுமையான வகையிலும். ஒரு மரம் எங்கே நிற்கிறது, அதை நம்பி யார் வாழ்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதிய சட்டம் அது. மரத்தை எடுப்பதற்கு முன் மாற்று விறகுக்கு வழி சொல்லாத திட்டத்தை மக்கள் முறியடிப்பார்கள். அப்போது மக்கள்மீது குறை சொல்வது முறையாகாது.

கேள்வி: தோற்றுவிட்டோம் என்று எந்த அரசாவது ஒப்புக்கொண்டதுண்டா?

பதில்: உண்டு. 2002இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகத வண்டு ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றது. மரங்களையும் விறகையும் வெளியே கொண்டுபோகத் தடைவிதித்து வட்டம் போட்டுப் பார்த்தார்கள். வட்டம் விரிந்துகொண்டே போயிற்று. 2021 ஜனவரியில் நடுவண் வேளாண் துறை அந்தத் தடையை நீக்கி, அதற்குச் செலவான பணத்தையும் ஆள்பலத்தையும் ஒட்டுண்ணிக் குளவிகளின் பக்கம் திருப்பியது. அதைத் தோல்வி என்று எழுதியவர்கள் பலர். பயனற்றது என்று தெரிந்த பிறகும் ஆண்டுதோறும் தொடர்ந்திருந்தால் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: வரி செலுத்தும் எங்களுக்கு, இத்தகைய திட்டம் ஒன்று ஒழுங்காக நடக்கிறதா என்று எதை வைத்துத் தெரியும்?

பதில்: கடினமான கேள்வி. தடுப்பு வெற்றி பெற்றால் எதுவுமே நடக்காது. நடக்காத ஒன்றைப் படம் பிடித்துக் காட்ட முடியாது. அதனால்தான் நிதிப் பற்றாக்குறை வரும்போது இந்தத் திட்டங்களின் தலையில் முதலில் கைவைக்கிறார்கள்.

வட அமெரிக்கப் பேரேரிகளில் நடப்பதைப் பாருங்கள். கடல் லாம்ப்ரே என்பது விலாங்கு போன்ற உடலும் உறிஞ்சு வாயும் உள்ளது. பெரிய மீன்களின் உடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். நயாகரா அருவி அதற்கு இயற்கைத் தடையாக இருந்தது. வெல்லண்ட் கால்வாய் அந்தத் தடையைச் சுற்றி வழி அமைத்துக் கொடுத்தது. 1921இல் ஈரி ஏரியில் தென்பட்ட லாம்ப்ரே, மேல் ஏரிகளுக்கும் பரவி மீன்பிடித் தொழிலை நொடியச் செய்தது. அமெரிக்காவும் கனடாவும் 1955இல் கூட்டு ஆணையம் ஒன்றை அமைத்தன. சுமார் 6,000 வேதிப்பொருள்களைச் சோதித்து, மற்ற மீன்களுக்கு அதிகத் தீங்கின்றி ஓடைச் சேற்றில் வாழும் லாம்ப்ரேயின் இளம்புழுக்களைக் கொல்லும் டிஎஃப்எம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்து, 1958 முதல் ஓடைகளில் இட்டுவருகிறார்கள். லாம்ப்ரேயின் எண்ணிக்கை ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்தது. புழுக்கள் சேற்றில் பல ஆண்டுகள் தங்கி வளர்வதால், ஒவ்வோர் ஓடைக்கும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மருந்து இட்டாக வேண்டும். அறுபது ஆண்டுகளாக நடந்த வேலை 2020இலும் 2021இலும் கொரோனா கட்டுப்பாடுகளால் பெரிதும் குறைந்தது. அந்த இடைவெளியில் தப்பிய புழுக்கள் வளர்ந்து ஏரிகளுக்கு இறங்கியதும் லாம்ப்ரேயின் எண்ணிக்கை மீண்டும் ஏறியது.

எனவே ஆண்டறிக்கையில் எத்தனை ஹெக்டேர் வெட்டினார்கள், எத்தனை டன் அள்ளினார்கள் என்பதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். முந்தைய ஆண்டுகளில் வெட்டிய இடங்களில் எத்தனைக்கு இந்த ஆண்டு திரும்பச் சென்றார்கள், புதிய இனம் ஒன்றைப் பற்றிய தகவல் வந்த நாளுக்கும் களத்தில் ஆள் இறங்கிய நாளுக்கும் இடையே எத்தனை நாள் கழிந்தது, அதற்கென ஒதுக்கிய அவசர நிதி கோப்பில் காத்திருந்ததா, கையில் இருந்ததா என்ற மூன்றையும் கேட்டு எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவற்றைக் கேட்பதற்குத் தடை ஏதும் இல்லை.